டிகிரி முடிக்காமல் ராணுவத்துக்குப் போனவர், இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியது ஏன்? ஜெனரல் சுந்தர்ஜியின் கதை

கல்வராயன் மலையில், வெள்ளிமலை பக்கம் பிளஸ் டூ முடித்த ஒருவர் ராணுவ அதிகாரியாக ஆசைப்பட்டால் முக்கியமாக இரண்டு வழி. என்டிஏ போனால் மூன்று வருஷப் பயிற்சியோடு ஜேஎன்யூ பட்டமும் வரும். இல்லைன்னா டிகிரி முடித்து சிடிஎஸ் எழுதணும். சரி, அதிகாரியான பிறகு மேற்படிப்பும் படித்தால்? வெளியே நல்ல சம்பளம் தேடிக் கிளம்பிடுவாரா?

கள்ளக்குறிச்சிக்காரர்கள் உளுந்தூர்பேட்டையில் சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்தால் வழியில் வருமே செங்கல்பட்டு, அங்கே பிறந்தவர் கிருஷ்ணசுவாமி சுந்தரராஜன் என்கிற சுந்தர்ஜி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் முடிக்காமலே ராணுவத்துக்குப் போனார். 1946-ல் மஹர் ரெஜிமென்ட்டில் அதிகாரி ஆனார்.

விட்ட படிப்பை ராணுவத்துக்குள்ளே பிடித்தார். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ், அமெரிக்காவின் ஃபோர்ட் லெவன்வொர்த், டெல்லி தேசியப் பாதுகாப்புக் கல்லூரி. அலகாபாத் பல்கலையில் சர்வதேச உறவுகள் எம்.ஏ., சென்னைப் பல்கலையில் பாதுகாப்புத் துறை எம்.எஸ்சி. இதையெல்லாம் வைத்துக்கொண்டு அவர் வேறு வேலை தேடவில்லை. 1986-ல் தலைமைத் தளபதியாகி, 1988-ல் ஓய்வு பெறும்வரை இருந்தார்.

காரணம், படித்ததற்கு உள்ளேயே வேலை இருந்தது. மஹூ போர்க் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, 1980-81 வாக்கில், அணு ஆயுதக் காலத்தில் இந்தியா எப்படிப் போரிடும் என்று அதிகாரிகளிடம் தபாலில் கருத்துக் கேட்டுத் தொகுத்தார். அன்றைக்கு அது பலர் பேசத் தயங்கிய விஷயம்.

படித்தவர் என்பதால் முடிவெல்லாம் சரின்னு ஆகிடாது. 1984 புளூஸ்டார், 1987-ல் இலங்கைக்கு அமைதிப்படை... இரண்டுக்கும் அவர் மேல் இன்றும் கடும் விமர்சனம் உண்டு.

ஒருவரின் வாழ்க்கையை வைத்து விதி எழுத முடியாதுதான். அமெரிக்க ராணுவம் இதில் ரிஸ்க் எடுப்பதில்லை: அரசு செலவில் முழுநேரம் முதுகலை படித்தால், பொதுவாக படித்த நாட்களைப் போல மூன்று மடங்கு பணியாற்றணும். நம்ம ஊரில் படிப்பு வெளியேறும் கதவாகவும் இருக்கு. ஓய்வு பெறப்போகும் அதிகாரிகளுக்கு ஐஐஎம்களில் ஆறு மாத மேனேஜ்மென்ட் கோர்ஸ் நடக்குது.

சுந்தர்ஜி ஓய்வுக்குப் பிறகும் பாடத்தை மாற்றவில்லை. 1993-ல் அணு ஆயுதம் பற்றிப் புத்தகம் எழுதினார். 1999 பிப்ரவரியில் காலமானார். வெலிங்டனில் கோர்ஸ் முடிக்கும் அதிகாரிகளுக்கு சென்னைப் பல்கலை இன்றும் பாதுகாப்புத் துறையில் எம்.எஸ்சி. தருகிறது.