இரணவைத்தியர் அம்புருவாசு பாரே

பதினாறாம் நூற்றாண்டு பிறந்தபோது ஐரோப்பாவின் போர்முறை மாறிவிட்டிருந்தது. வாளும் வேலும் அம்பும் செய்த புண்களை வழிவழியாக அறிந்திருந்த வைத்தியர்கள், துப்பாக்கிக் குண்டு செய்த புண்ணைக் கண்டு திகைத்தனர். தசை கிழிந்து கருகிக் கிடந்தது; எலும்பு நொறுங்கியது; உடைத்துண்டும் மண்ணும் குண்டோடு உள்ளே புகுந்தன; சில நாள்களிற் சீழும் சுரமும் தோன்றின. வெடிமருந்து ஒரு நஞ்சு என்றும், அந்நஞ்சே புண்ணை அழுகச்செய்கின்றது என்றும் அக்காலத்து அறிஞர் முடிவுகட்டினர். நஞ்சேறிய புண்ணை நெருப்பாலன்றித் தீர்த்தல் இயலாது என்பது அவர்கள் கொள்கை. போப்பரசர் இரண்டாம் யூலியசின் இரணவைத்தியராயிருந்த யோவான்னி த வீகோ 1514ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் இதனை விதியாகவே வகுத்துவிட்டது. அவ்விதிப்படி, தைலத்தைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குண்டு துளைத்த புண்ணினுள் ஊற்றினர். போர்வீரன் குண்டுக்குத் தப்பினாலும் வைத்தியனுக்குத் தப்புதல் அரிதாயிற்று.

இக்கொடுமையை நிறுத்தியவர் அம்புருவாசு பாரே. எம் கல்லூரியிலிருந்து வைத்தியத்துறை புகுந்த பழைய மாணவர் பலர் லிஸ்டரின் வரலாற்றை நன்கறிவர். அவருக்கு முந்நூறு ஆண்டு முற்பட்ட பாரேயின் வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று. அது பற்றியே இக்கட்டுரை எழுந்தது.

பாரே பிரான்சு தேசத்திலே லவால் என்னும் ஊரின் அருகே 1510ஆம் ஆண்டளவில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். இலத்தீன் மொழியைக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திலது. அந்நாளில் அது பெருங்குறை. பாரிஸ் மாநகரிலே வைத்தியத் தொழில் மூன்று படியாகப் பிரிந்து கிடந்தது. சர்வகலாசாலையில் இலத்தீன் நூல்களை ஓதிப் பட்டம் பெற்ற வைத்தியர் உயர்படியில் இருந்தனர். அவர்கள் நோயாளியின் புண்ணைத் தொடார். அவர்களுக்குக் கீழே புனித கொசுமாவின் பெயரால் அமைந்த கழகத்தைச் சார்ந்த இரணவைத்தியர் இருந்தனர். முடிதிருத்தலோடு, கட்டி கீறுதல், குருதி வாங்குதல், புண்ணுக்கு மருந்து கட்டுதல் ஆகியவற்றையுஞ் செய்த நாவித வைத்தியர் கடைப்படியில் இருந்தனர். பாரே இக்கடைப்படியிலேதான் தொழில் பயின்றார்.

பின்னர்ப் பாரிசின் பழம்பெரும் ஆசுபத்திரியாகிய ஒத்தெல் தியூவிலே ஏறத்தாழ மூன்றாண்டுகள் பணிசெய்தார். வறியோரும் தெருவில் விழுந்தோரும் வந்து குவியும் அவ்விடத்தில் அவர் காணாத புண் இல்லை எனலாம். கடுங்குளிர் மிக்க ஒரு மாரியிலே நோயாளர் நால்வரின் மூக்குநுனிகள் உறைந்து அழுகியமையால் அவற்றை வெட்டியெறிய நேர்ந்ததென்றும், அவருள் இருவர் இறந்தனரென்றும் அவர் குறித்துவைத்துள்ளார். பிழைத்தோர் தொகையோடு இறந்தோர் தொகையையும் மறைக்காது எழுதும் வழக்கம் அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது போலும்.

முதலாம் பிரான்சிசு மன்னரின் படை தூரின் நகரை நோக்கி இத்தாலியுட் புகுந்தபோது, காலாட்படைத் தலைவராகிய மொந்தெழானின் இரணவைத்தியராகப் பாரேயும் உடன்சென்றார். அவருக்கு வயது இருபத்தேழு அளவில் இருக்கும். குண்டுபட்ட புண்ணை அதற்குமுன் அவர் கண்டதில்லை. தங்குமிடம் தேடித் தொழுவமொன்றினுள் நுழைந்தபோது அங்கே இறந்தோர் நால்வரையும், முகஞ் சிதைந்து, கண்ணுஞ் செவியும் நாவும் செயலற்றுச் சுவரிற் சாய்ந்திருந்த மூவரையும் கண்டார். அவர்களின் ஆடையில் வெடிமருந்தின் நெருப்பு இன்னும் அணையவில்லை. வயதான போர்வீரனொருவன் வந்து, இவர்களைப் பிழைக்கவைக்க வழியுண்டோ என வினவினான். இல்லை என்றார் பாரே. அவன் சினமின்றி, அமைதியாக அம்மூவரின் கழுத்தையும் அறுத்தான். பாரே பதறி அவனைக் கடிந்தபோது, தனக்கு அந்நிலை வந்தால் இவ்வுதவியைச் செய்ய ஒருவன் வேண்டுமென்றே தான் கடவுளை வேண்டுவதாக அவன் விடைகூறினான். இரணவைத்தியம் கைவிட்ட இடத்தில் நிகழ்வது யாது என்பதைப் பாரே அன்று கண்டார்.

போர் மூண்டது. ஏனைய வைத்தியர் செய்தவாறே பாரேயும் கொதிக்கும் தைலத்தைப் புண்களில் ஊற்றத் தொடங்கினார். காயமுற்றோர் தொகை மிகவே தைலம் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி, முட்டை மஞ்சட்கருவும் ரோசாத் தைலமும் தேவதாருப் பிசினிலிருந்து வடித்த எண்ணெயுங் கலந்து குழைத்த மருந்தை எஞ்சியோரின் புண்களில் இட்டுக் கட்டினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. சுடாது விடப்பட்டோர் யாவரும் நஞ்சேறி விடியுமுன் இறந்துகிடப்பர் என்றே அவர் அஞ்சினார். வைகறையில் எழுந்து ஓடிப் பார்த்தார். குழைத்த மருந்து இடப்பட்டவர்களுக்கு நோவு சிறிதே இருந்தது. புண்ணிலே அழற்சியோ வீக்கமோ இல்லை. இரவில் நன்கு உறங்கியுமிருந்தனர். கொதிதைலம் ஊற்றப்பட்டவர்களோ சுரத்தாற் பிதற்றினர். புண்ணைச் சுற்றி வீங்கிப் பெருநோவு கொண்டிருந்தனர். இனி எவரையும் இவ்வாறு சுடுவதில்லை என அவர் உறுதிகொண்டார்.

இந்நிகழ்ச்சியைத் தற்செயல் என்று கூறுவாருமுளர். தைலம் தீர்ந்தது தற்செயலே. ஆனால் அதற்குமுன்னும் எத்தனையோ பாசறைகளில் மருந்து தீர்ந்திருக்கும். விடியற்காலையில் இருசாராரையும் அடுத்தடுத்துப் பார்த்து, தாம் கற்ற நூலுக்கு மாறாகத் தம் கண்ணை நம்பியதே அருமை. இன்றைய அறிவைக்கொண்டு நோக்கின் காரணம் தெளிவாகும். கொதிதைலம் உயிருள்ள தசையைக் கொன்றது. செத்த தசை கிருமிகளுக்கு உணவாயிற்று. பாரேயின் மருந்து பெரிதும் ஆற்றல் வாய்ந்ததன்று. உடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்வதை அது தடுக்கவில்லை, அவ்வளவே.

அவரும் தம் காலத்து மனிதரே. தூரின் நகரில் ஓர் இரணவைத்தியர் குண்டுப்புண்ணை ஆற்றும் தைலமொன்றை மறைபொருளாகக் காத்துவந்தார். பாரே ஈராண்டுகள் அவரை விடாது வழிபட்டு, பரிசில்கள் கொடுத்து, அம்மறையைப் பெற்றார். பிறந்தவுடனான நாய்க்குட்டிகளை அல்லித் தைலத்திற் கொதிக்கவைத்து, மண்புழுவும் பிசினெண்ணெயும் சேர்த்து இறக்குவதே அது! இதைப் படிக்கும் நம்மவர் முகஞ் சுளிப்பர். பாரேயோ பெருமகிழ்ச்சி அடைந்தார். அத்தைலம் கொதிக்கும் நிலையில் ஊற்றப்படாதது என்பதே, எம் கருத்தில், அதன் ஒரே சிறப்பு.

இவற்றினும் சிறந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. மொந்தெழானின் அடுக்களைச் சிறுவன் ஒருவன் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் வீழ்ந்துவிட்டான். பாரே மருந்துக்கடைக்கு விரைந்தபோது அங்கு நின்ற நாட்டுப்புறக் கிழவி ஒருத்தி, வெங்காயத்தைச் சிறிது உப்புடன் பச்சையாக இடித்துக் கட்டினால் கொப்புளம் எழாது என்றாள். கல்லாக் கிழவி சொல் என அவர் தள்ளிவிடவில்லை. மறுநாள் பார்த்தபோது வெங்காயம் வைத்த இடங்களிற் கொப்புளம் இல்லை. வையாத இடங்களில் இருந்தது. அதனோடும் அவர் அமைந்திலர். சின்னாட் கழித்து, வெடிமருந்தால் முகமும் கைகளும் எரிந்த செருமானியக் காவலன் ஒருவன் அவரிடம் வந்தான். பாரே அவன் முகத்தின் ஒருபாதியில் வெங்காயத்தையும் மறுபாதியில் வழக்கமான மருந்துகளையும் இட்டார். வெங்காயம் இட்ட பாதியே கொப்புளமின்றி நின்றது. வெங்காயத்தின் குணத்தை இன்றைய வைத்தியர் ஏற்பதும் ஏலாததும் வேறு வழக்கு. ஒரே மனிதன், ஒரே முகம், ஒரே தீ, இருவேறு மருந்து என்னும் அச்சோதனை முறையை யாம் வியவாதிருத்தல் இயலாது. வேறு பல செய்திகள் புகுந்து மயக்காதவாறு இரு மருந்துகளை ஒப்பிடுதல் இன்றும் ஆசுபத்திரி ஆராய்ச்சிகளின் உயிர்நாடி.

ஊர் திரும்பிய பாரே, குண்டுப்புண்களை ஆற்றும் முறை பற்றி 1545இல் ஒரு நூல் வெளியிட்டார். அது பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. இலத்தீன் அறியாமையால் வேறு வழியில்லை என்பது ஒருபுறமிருக்க, பாசறையிற் புண்கட்டும் நாவித வைத்தியருக்கு விளங்கும் மொழியும் அதுவே. நூலின் பயனை அதனாற் பயன்கொள்வோரிடம் சேர்த்தது அம்மொழியே.

அதன்பின் நெடுங்காலம் அவர் வாழ்வு படையோடு கழிந்தது. 1542இல் பேர்ப்பிஞான் முற்றுகையிலே பிறிசாக் பிரபுவின் தோளிற் குண்டு புதைந்தது. தேடிய வைத்தியர் எவர்க்கும் அது அகப்படவில்லை. குண்டுபட்ட கணத்தில் எவ்வாறு நின்றாரோ அவ்வாறே அவரை நிற்கச் செய்தார் பாரே. குண்டிருந்த இடம் உடனே தெரிந்தது. 1552இல் தாம்வில்லேர் முற்றுகையில் ஒருவரின் காலை வெட்டியெடுத்தபோது, வழக்கப்படி காய்ச்சிய இரும்பாற் சுடாது, குருதிக் குழாய்களை நூலினாற் கட்டிக் குருதியை நிறுத்தினார். குழாயைக் கட்டும் முறையைப் பண்டைக் கிரேக்கரும் அறிந்திருந்தனர் என்பதைப் பாரேயே ஒப்புக்கொண்டார். அங்கம் வெட்டும்போது அதனைக் கையாண்டமை அவர் புதுமை. ஆனால் அம்முறை உடனே பரவவில்லை. கட்டும்வரை குருதிப்பெருக்கைத் தடுக்கத்தக்க நல்ல கருவி பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் வந்தது. நூலோடு புகும் கிருமியைத் தடுக்கும் வழியோ 1867இல் லிஸ்டர் தம் ஆராய்ச்சியை வெளியிடும்வரை தெரியவில்லை.

1553இல் எதான் கோட்டை வீழ்ந்தபோது பாரே பகைவர் கைப்பட்டார். அவரை விடுவித்ததும் ஒரு புண்ணே. கிரவலின் நகர் ஆளுநரின் காலிலே பல்லாண்டாக ஆறாத புண் ஒன்று இருந்தது. அதனை ஆற்றிக்கொடுத்து, மீட்புப்பணம் இன்றி விடுதலை பெற்றார்.

இரண்டாம் ஹென்றி முதலாக மூன்றாம் ஹென்றி ஈறாக நான்கு மன்னர்க்கு அவர் இரணவைத்தியராக விளங்கினார். 1559இல் விளையாட்டுப் போரில் ஈட்டி முறிந்து அதன் சிம்பு கண்வழிப் பாய்ந்த இரண்டாம் ஹென்றியை அவராலும், பேரறிஞர் வெசாலியசாலும் காக்க முடியவில்லை. 1561இல் அவர் தாமே நோயாளியானார். குதிரை உதைத்ததனால் முழந்தாளின் கீழ் இரு எலும்பும் முறிந்து தோலைக் கிழித்து வெளிப்பட்டன. அந்நாளில் அத்தகைய காலை வெட்டுவதே பெரும்பான்மை வழக்கு. அவரோ, தம்மிடம் இரக்கங்காட்டாது, வேண்டின் புண்ணைக் கத்தியால் அகலமாக்கி எலும்பைப் பொருத்துமாறு உடனிருந்தோர்க்குப் பணித்தார். சுரமும் சீழ்க்கட்டியும் வந்து வருத்தின. ஆயினும் கால் நிலைத்தது. நொண்டாமல் நடந்தார். தம் நோவையும் அயலான் நோவைப்போல விலகிநின்று எழுதிய அப்பகுதி அவர் நூல்களில் மிகச் சிறந்தது.

1569இல் ஒன்பதாம் சாள்ஸ் மன்னரின் ஆணைப்படி, மோன்ஸ் நகருக்கு அருகே அவுரே என்னும் இடத்துப் பிரபுவைப் பார்க்கச் சென்றார். முழந்தாளின் அருகே குண்டுபட்டு ஏழு மாதமாயிற்று. துடையெலும்பு நொறுங்கிச் சீழ் வடிந்தது. உடல் வற்றிக் கண் குழிந்து, முதுகின்கீழ் உள்ளங்கையளவு படுக்கைப்புண் உண்டாகியிருந்தது. அசைத்தால் நோகும் என அஞ்சி நெடுநாளாக விரிப்பைக்கூட மாற்றவில்லை. பாரே சோலைக்குட் சென்று தனியே அழுது, பிழைக்கும் வழியை எண்ணினார். பின்னர்ச் சீழ் வடியக் கீறி, எலும்புச் சிம்புகளை எடுத்தார். மென்மையான வேறு படுக்கை இட்டுத் தூய விரிப்பு விரித்து, படுக்கைப்புண் அழுந்தாதபடி சிறு தலையணை அமைத்தார். சத்துள்ள உணவும் முட்டையும் கொடுப்பித்தார். உறக்கம் வரும்பொருட்டு, உயரத்திலிருந்து கொப்பரையொன்றினுள் நீர் வீழச்செய்து மழையோசை போன்றதோர் ஓசையை எழுப்புவித்தார். நோவு தணிந்தபின் இசைவாணரையும் நகைச்சுவைஞரையும் அழைப்பித்தார். ஒரு மாதத்திற்குள் பிரபு நாற்காலியில் அமர்ந்தார். பின்னர் ஊன்றுகோலூன்றி எழுந்தார். புண்ணைப் பேணுதல் என்பது புண்ணுடையானைப் பேணுதலே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அக்காலத்தில் அரிது. மருந்து கட்டுவது தம் தொழில், ஆற்றுவது இறைவன் தொழில் என்ற கருத்தும் அவர் எழுத்தில் அடிக்கடி காணப்படும்.

1575இல் அவர் நூல்கள் யாவும் ஒரு பெருந்தொகுதியாக வெளிவந்தன. நாவிதனாயிருந்தவன் பிரெஞ்சு மொழியில் வைத்தியம் எழுதுவதோ எனச் சர்வகலாசாலை வைத்தியர் வெகுண்டு, அதனைத் தடுக்க முயன்றனர், பலிக்கவில்லை. 1582இல், காயமுற்றோர்க்கு எகிப்தியப் பிணத்தூள் ஊட்டுவதும், ஒற்றைக்கொம்பன் என்னும் விலங்கின் கொம்பை நஞ்சுமுறிவாக விற்பதும் பயனற்றவை எனத் தனிநூல் எழுதினார். குருதிக் குழாயைக் கட்டுதலைப் பழித்த கூர்மலான் என்னும் பேராசிரியர்க்கு 1585இல் விடையிறுத்தபோது, நூல்களை மட்டும் மேற்கோள் காட்டி அமையாது, தாம் சென்ற போர்களையும் கட்டிய புண்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். நாம் மேலே கண்ட வரலாறுகளிற் பல அவ்விடையிலிருந்தே கிடைத்தன.

1590இல் பாரிஸ் நகர் முற்றுகையிடப்பட்டு மக்கள் பசியால் மடிந்தனர். எண்பதை அணுகிய பாரே, தெருவிலே எதிர்ப்பட்ட லியோன் நகர்ப் பேராயரை மறித்து, இம்மக்களின் பொருட்டுச் சமாதானம் செய்யுமாறு இரந்தார் என அந்நகர்வாசி ஒருவரின் நாட்குறிப்பு கூறுகின்றது. முற்றுகை நீங்கிச் சில திங்களின் பின், அவ்வாண்டு திசெம்பர் 20ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். அடக்கம் செய்யப்பட்ட புனித அந்திரேயாவின் ஆலயம் பின்னாளில் இடித்து அகற்றப்பட்டது. லவால் நகரில் 1840ஆம் ஆண்டு அவருக்குச் சிலை நாட்டினர்.