அம்மாவின் முதல் மஸ்காராவுக்குப் பின்னால் ஒரு 80 வயசுப் பாட்டி!

40 வயசுக்கு மேல மேக்கப் போட ஆரம்பிக்க உங்க அம்மா தயங்குறாங்களா? அவங்களுக்கு ஹெலனா ரூபின்ஸ்டீன் கதையைச் சொல்லுங்க.

இன்றைய போலந்தின் கிராக்கவ் நகரில், 1872-ல், எட்டுப் பெண்களில் மூத்தவராகப் பிறந்தவர் ஹெலனா. 1896-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். சில வருஷங்களில் மெல்போர்னில் க்ரீம் கடை திறந்தார். மலை மூலிகைகளில் செய்த க்ரீம்னு விளம்பரம். ஆனா, அதில் முக்கியமா இருந்தது லனோலின். அதாவது, செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. க்ரீமோடு கதையையும் சேர்த்துத்தான் விற்றார்! இன்னிக்கும் நீங்க லேபிளைத் திருப்பிப் பார்க்க இது ஒண்ணு போதும்.

லண்டன், பாரிஸ், நியூயார்க்னு கடைகள் வளர்ந்தன. 1928-ல் அமெரிக்கக் கிளையை 73 லட்சம் டாலருக்கு விற்றார். பங்குச்சந்தை சரிந்ததும், அதைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் திரும்ப வாங்கினார். அப்போது வயசு 55-க்கு மேல!

80-ஐத் தாண்டிய பிறகு, குச்சியோடு வரும் ட்யூப் மஸ்காராவை அவர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடி, பெரும்பாலும் கட்டி மையை ஈர பிரஷ்ஷால் தேய்த்துத்தான் பூசணும். 1965-ல், 92 வயதில் ஹெலனா மறைந்தார்.

அம்மாவுக்கும் எளிமையா ஆரம்பிங்க. முதலில் மாய்ஸ்சரைசர், வெளியே போனா சன்ஸ்க்ரீன். இமையில் ஒரே ஒரு கோட் மஸ்காரா. உதட்டு நிறத்துக்கு நெருக்கமான லிப்ஸ்டிக். ஐந்தே நிமிஷம். வயசு ஒரு தடையே இல்லை!