அறிவு விளக்கேற்றிய அயோத்திதாசர்

தேக்காவில் பல சமயத்தாரின் வழிபாட்டு இடங்கள் அருகருகே அமைந்துள்ளன. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசல் இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் சென்றால் சாக்கியமுனி புத்தகயா கோயிலைக் காணலாம். தாய்லாந்திலிருந்து வந்த உத்திசாரர் என்னும் துறவி 1927ஆம் ஆண்டில் அதை நிறுவினார். அதனுள் 15 மீட்டர் உயரமுள்ள புத்தர் சிலை அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறது. சிலையைச் சுற்றிலும் விளக்குகள் ஒளிர்வதால் மக்கள் அதை ஆயிரம் விளக்குக் கோயில் என்றும் அழைக்கின்றனர்.

அக்கோயிலுக்கு வருவோரில் சீனர்களே மிகுதி. அதனால் பௌத்தம் என்றவுடன் சீனர், தாய்லாந்து மக்கள், சிங்களர் ஆகியோரின் சமயம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், பௌத்தம் தமிழர்களுக்கும் பழைய உறவுடைய சமயமாகும். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலை ஒரு பௌத்தக் காப்பியம். காஞ்சிபுரத்தில் பௌத்த மடங்கள் பல இருந்தன. முதலாம் இராசராச சோழன் காலத்தில், நம் வட்டாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரையை எழுப்பினார். சைவ சமயத்தைச் சேர்ந்த சோழ மன்னர் அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினார். பிற்காலத்தில் தமிழகத்தில் பௌத்தம் மெல்ல மெல்ல மறைந்தது. மறைந்துபோன அந்தச் சமயத்தைத் தமிழ் மக்களிடையே மீண்டும் எடுத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர் அயோத்திதாசப் பண்டிதர்.

அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி பிறந்தார். அவர் பிறந்த இடம் சென்னையில் உள்ள ஆயிரம் விளக்குப் பகுதி. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். அக்காலத்தில் தீண்டாமைக் கொடுமையால் பெரிதும் துன்புற்ற சமூகம் ஒன்றில் அவர் பிறந்தார். அச்சமூகத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதே அரிதாக இருந்தது. ஆனால், அவருடைய குடும்பத்தில் தமிழ்க் கல்வியும் சித்த மருத்துவமும் வழிவழியாக வந்தன. அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆங்கில அதிகாரி ஒருவரிடம் பணிபுரிந்தார். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் அந்த அதிகாரியிடம் கொடுத்ததாகவும், அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று பின்னர் அச்சேறியதாகவும் அயோத்திதாசர் தம் எழுத்துகளில் குறிப்பிட்டுள்ளார்.

காத்தவராயன் இளமையிலேயே தமிழ் இலக்கியத்தையும் இலக்கணத்தையும் சித்த மருத்துவத்தையும் கற்றார். பாலி, வடமொழி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் பயிற்சி பெற்றார். அவருக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயர் அயோத்திதாசர். அவர்மீது கொண்ட பெருமதிப்பால் மாணவர் தம் பெயரை விடுத்து ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இன்று உலகம் அறிந்திருப்பது அந்தப் பெயரைத்தான்.

அயோத்திதாசர் சில காலம் நீலகிரியில் வாழ்ந்தார். மருத்துவத் தொழில் செய்துகொண்டே மக்கள் பணியிலும் ஈடுபட்டார். 1891ஆம் ஆண்டில் திராவிட மகாஜன சபை என்னும் அமைப்பைத் தொடங்கினார். மக்களின் குறைகளைத் தீர்மானங்களாக எழுதி அரசாங்கத்திற்கு அனுப்பினார்.

1892ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு மாநாடு நடைபெற்றது. படித்தவர்களும் செல்வாக்கு மிக்கவர்களும் அதில் கூடியிருந்தனர். அயோத்திதாசர் எழுந்து, எல்லாருக்கும் பொதுவான கடவுள் என்றால் எங்கள் மக்களை மட்டும் ஏன் கோயிலுக்குள் விடுவதில்லை என்று கேட்டார். சபையில் கூச்சல் எழுந்தது. உங்களுக்கென்று வேறு சிறு தெய்வங்கள் இருக்கின்றன, பெருங்கோயில்களின் தெய்வங்கள் உங்களுக்கு உரியவை அல்ல என்று ஒருவர் மறுத்தார். அயோத்திதாசர் சினம் கொள்ளவில்லை. அப்படியானால் அந்தத் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு இரண்டைக் கேட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி வேண்டும் என்பது ஒன்று. தரிசாகக் கிடக்கும் நிலங்களை ஏழைகளுக்கு வழங்க வேண்டும் என்பது மற்றொன்று.

அன்று கிடைத்த மறுப்பு அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. மனிதர்களை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று பிரிக்காத வழி எது என்று அவர் தேடத் தொடங்கினார். பழைய தமிழ் நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மீண்டும் மீண்டும் படித்தார். மணிமேகலையிலும் வீரசோழியத்திலும் பௌத்தத்தின் சுவடுகளைக் கண்டார். பிறப்பால் ஒருவர் உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை. செயலாலேயே உயர்வும் தாழ்வும் உண்டாகின்றன என்னும் புத்தரின் போதனை அவரைக் கவர்ந்தது. தம் மக்களின் முன்னோர் பௌத்தர்களாக இருந்தனர் என்ற முடிவுக்கும் அவர் வந்தார்.

அக்காலத்தில் சென்னை அடையாற்றில் கர்னல் ஒல்காட் என்னும் அமெரிக்கர் வாழ்ந்து வந்தார். பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், இலங்கையில் பௌத்தத்தைத் தழுவியவர். 1894ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்காகச் சென்னையில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு மேலும் சில பள்ளிகள் உருவாயின. அம்முயற்சிக்கு அயோத்திதாசர் துணை நின்றார்.

1898ஆம் ஆண்டில் அயோத்திதாசர் ஒல்காட்டுடன் கப்பலேறி இலங்கைக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 53. கொழும்பில் சுமங்கல மகாதேரர் என்னும் மூத்த துறவியின் முன்னிலையில் மும்மணிகளையும் பஞ்சசீலத்தையும் ஏற்றுப் பௌத்தரானார். புத்தர், அவருடைய அறநெறியாகிய தம்மம், துறவியர் கூட்டமாகிய சங்கம் ஆகிய மூன்றையும் மும்மணிகள் என்பர். இம்மூன்றையும் அடைக்கலமாகக் கொள்வதே பௌத்தர் ஆவதற்குரிய முதற்படி.

பஞ்சசீலம் என்பது ஐந்து ஒழுக்கங்களைக் குறிக்கும். உயிர்களைக் கொல்லாதிருத்தல், பிறர் பொருளைத் திருடாதிருத்தல், தவறான காமத்தை விலக்குதல், பொய் பேசாதிருத்தல், மது அருந்தாதிருத்தல் ஆகியவை அவை. திருக்குறளைப் படித்தவர்களுக்கு இவை புதியவை அல்ல. கொல்லாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை, வாய்மை, கள்ளுண்ணாமை என்னும் ஐந்து அதிகாரங்களைத் திருவள்ளுவரும் எழுதியிருக்கிறார். இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு திருவள்ளுவரும் ஒரு பௌத்தரே என்று அயோத்திதாசர் வாதிட்டார். அறிஞர்கள் எல்லாரும் இக்கருத்தை ஏற்பதில்லை. பல சமயத்தாரும் திருக்குறளைத் தம்முடையதாகக் கருதுவதால் அதைப் பொதுமறை என்று போற்றுகிறோம். எனினும், தமிழ் நூல்களைப் புதிய கண்ணோடு படிக்க அவர் பலரைத் தூண்டினார் என்பதில் ஐயமில்லை.

சென்னைக்குத் திரும்பிய அயோத்திதாசர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சாக்கியர் என்பது புத்தர் பிறந்த குலத்தின் பெயர். அதனால்தான் புத்தருக்குச் சாக்கியமுனி என்ற பெயரும் உண்டு. சங்கத்தின் கூட்டங்களில் தொழிலாளர்களும் படித்தவர்களும் ஒன்றாக அமர்ந்து அறவுரைகளைக் கேட்டனர். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களுக்கு இங்கே சம இருக்கை கிடைத்தது. புத்தரின் பிறப்பு, ஞானம் பெற்றது, மறைவு ஆகிய மூன்றையும் நினைவுகூரும் விசாகப் பௌர்ணமியை அவர்கள் கொண்டாடினர்.

புத்தர் சிலையின் முன் விளக்கேற்றுவதும் மலர் வைப்பதும் ஊதுபத்தி கொளுத்துவதும் பௌத்தர்களின் வழக்கம். வரம் கேட்பதற்காக மட்டும் இவற்றைச் செய்வதில்லை. விளக்கு அறியாமை இருளை நீக்கும் அறிவைக் குறிக்கிறது. காலையில் மலர்ந்து மாலையில் வாடும் மலர், எதுவும் நிலையில்லை என்பதை நினைவூட்டுகிறது. ஊதுபத்தியின் மணம்போல நல்லொழுக்கமும் எங்கும் பரவ வேண்டும் என்பது இன்னொரு பொருள். சிங்கப்பூரில் விசாக தினத்தன்று பௌத்த ஆலயங்களில் இவ்வழக்கங்களை நாம் காண முடிகிறது. தியானம் செய்வதும் தானம் வழங்குவதும் அந்நாளின் சிறப்புகளாகும்.

சமயத்தைப் பேசினால் மட்டும் போதாது, மக்கள் படிக்கவும் வேண்டும் என்று அயோத்திதாசர் நினைத்தார். 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் தேதி ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் விலை ஒரு பைசா. இதழின் பெயரும் ஒரு பைசாத் தமிழன் என்பதே. ஓராண்டுக்குப் பின் அது தமிழன் என்று பெயர் மாறியது. பௌத்தம், தமிழிலக்கியம், மருத்துவம், பெண் கல்வி, அன்றாட அரசியல் எனப் பலவற்றையும் அவர் அதில் எழுதினார். புத்தரின் வாழ்வையும் போதனையையும் கூறும் ஆதிவேதம் என்னும் நூலும் அவ்விதழில் தொடராக வந்தது. எழுத்தறியாதவர்கள் கூடி அமர, படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பதுண்டு. இவ்வாறு ஒரு பைசா இதழ் பலருக்கும் பாடநூலாயிற்று.

பிழைப்புத் தேடி வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்ற தமிழர்களிடமும் அவருடைய கருத்துகள் சென்றன. கோலார் தங்கவயலில் ஆழமான சுரங்கங்களில் உழைத்த தமிழர்கள் சங்கத்தின் கிளைகளை அமைத்தனர். பர்மாவின் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் வாழ்ந்த தமிழர்கள் பௌத்த சங்கங்களைத் தொடங்கினர். ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்தவர்களுக்கு அச்சங்கங்கள் ஆதரவாக விளங்கின. யாருக்கும் தாழ்ந்தவர்கள் அல்லர் என்ற நம்பிக்கையையும் அவை ஊட்டின.

அயோத்திதாசர் 1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி இயற்கை எய்தினார். அவர் மறைவுக்குப் பின் தமிழன் இதழ் சில காலம் நின்றுபோனது. 1926ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதை மீண்டும் வெளியிட்டார். ஆனால், காலப்போக்கில் அயோத்திதாசரின் பெயர் பொதுமக்களிடையே மறக்கப்பட்டது. பழைய இதழ்களைத் தேடித் தொகுத்த ஆய்வாளர்களின் உழைப்பால் 1990களின் இறுதியில் அவருடைய எழுத்துகள் நூல்களாக வெளிவந்தன. 2005ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தாம்பரத்தில் உள்ள தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2023ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

அயோத்திதாசர் தேர்ந்தெடுத்த சமயத்தை எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. அவருடைய வாழ்க்கையிலிருந்து எச்சமயத்தாரும் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. கதவு சாத்தப்பட்டபோது அவர் வெறுப்பை வளர்க்கவில்லை. நூல்களைத் திறந்தார், பள்ளிகளைக் கேட்டார், எல்லாரும் ஒன்றாக அமரும் ஓர் இடத்தைத் தாமே உருவாக்கினார். மனிதர் எவரையும் வாசலில் நிறுத்தாத சமுதாயமே அறம் தழைக்கும் சமுதாயம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.