வைலி போஸ்ட்

ஆகாய விமானம் செலுத்திப் புகழ் கொண்டோருள் வைலி போஸ்ட் என்னும் அமெரிக்கரும் ஒருவர். தன்னந்தனியராய் விமானத்தில் உலகத்தைச் சுற்றி வந்த முதல்வர் என்ற அளவிலேயே பலரும் இவரை அறிந்துள்ளனர். அச்செயலினும், அதன் பின்னர் இவர் 40,000 அடிக்கு மேற்பட்ட வெளியிற் புகுந்து ஆற்றிய செயலே பெரிதென்பது எம் கருத்து. அதனை விளக்கவே இச்சரித்திரத்தை எழுதப் புகுந்தோம்.

இவர் 1898ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், டெக்ஸாஸ் மாகாணத்துக் கிராண்ட் சலைன் என்னும் ஊரின் அருகே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் அக்குடும்பம் ஒக்லஹோமாவிற் குடியேறிற்று. பள்ளிப் படிப்பில் இவருக்கு மனம் செல்லவில்லை, இயந்திரங்களிலேயே சென்றது. 1913ல் லாட்டன் நகரத்துக் கண்காட்சியில் முதன்முதல் ஒரு விமானத்தைக் கண்டார். அன்று பற்றிய ஆசை இவரை ஒருபோதும் விட்டிலது. இளமையில் இவருடைய ஒழுக்கம் நேரிதாகவே இருந்ததென்று கூறுதல் இயலாது. 1921ல் வழிப்பறிக் குற்றத்திற்காகச் சிறை புகுந்து, ஓராண்டிற்கு மேல் அங்கிருந்து, அடுத்த ஆண்டில் விடுவிக்கப்பட்டார். இதனை மறைத்து எழுதுவதால் அவருக்கு ஆகும் நன்மை யாதுமில்லை. அதன் பின் ஊர்தோறும் சென்று விமான வித்தை காட்டும் குழுவொன்றிற் சேர்ந்து, பாரசூட்டைக் கட்டிக்கொண்டு வானிலிருந்து குதித்துப் பொருளீட்டினார்.

1926ல் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யுங்கால், தெறித்த இரும்புத் துணுக்கொன்று இவரது இடக் கண்ணிற் பாய்ந்தது, அக்கண் போயிற்று. வேறொருவராயின் விமானத்தையே மறந்திருப்பர். இவரோ அக்கண்ணிற்கு இழப்பீடாகக் கிடைத்த பணத்தைக் கொண்டே தம் முதல் விமானத்தை வாங்கினார். ஒற்றைக் கண்ணுடையார்க்குத் தொலைவை மதிப்பிடுதல் அரிது; தரையிறங்கும் விமானிக்கு அஃது இன்றியமையாதது. ஆகவே எதிரே தோன்றும் மரத்தையேனும் மேட்டையேனும் நோக்கி, இஃது இத்தனை அடித் தொலைவு என்று மனத்தில் மதித்துக்கொண்டு, பின் நடந்து அளந்து பார்ப்பார். இங்ஙனம் நாள்தோறும் பழகிக் கண்ணின் குறையை நிரப்பினார். தமக்குள்ள குறை இவ்வளவு என்று அளந்தறிந்து அதற்கு ஈடு தேடும் இவ்வழக்கத்தைப் படிப்போர் நினைவிற் கொள்க. பின்னும் இது வரும்.

ஹால் என்னும் எண்ணெய் வணிகர் இவரைத் தம் விமானியாக அமர்த்தினார். அவர் வாங்கிய லாக்ஹீட் வேகா விமானத்திற்கு அவர் மகளின் பெயரால் வின்னி மே என்று பெயரிடப்பட்டது. ஒட்டுப்பலகையால் ஆகிய உடலும் ஒரே எஞ்சினும் உடைய அவ்விமானத்தில், 1931ல் ஹாரல்ட் காட்டி என்னும் டாஸ்மேனியர் வழிகணித்து உதவ, 8 நாள் 15 மணி 51 நிமிடத்தில் உலகைச் சுற்றினார். 1933 ஜூலையில் தனியே புறப்பட்டு, 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் நியூயார்க் திரும்பினார். இவ்வெற்றிகளைப் பற்றி அக்காலத்துப் பத்திரிகைகள் நிரம்ப எழுதின. ஆதலின் யாம் விரித்திலம்.

1934ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர்க்கு ஒரு விமானப் பந்தயம் நடைபெறவிருந்தது. புதிய விமானங்களுக்கு முன் வின்னி மே விரைவிற் பின்தங்கும் என்பதைப் போஸ்ட் நன்குணர்ந்தார். தாழ்வானில் வெல்ல இயலாதாயின் மேல்வானுக்குச் செல்வதே வழி என்று துணிந்தார். அங்கே காற்று மெல்லிதாதலின் விமானத்தை எதிர்க்கும் தடை குறையும். மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்றும் துணையாகும். முடிவில் அப்பந்தயத்தில் இவர் கலந்துகொள்ளவில்லை எனினும், அந்நினைவு இவரை விட்டு நீங்கவில்லை.

நிற்க. அத்துணை உயரத்திற் பறத்தல் ஏன் எளிதன்று என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். 40,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதன் நாலில் ஒரு பங்கே. எஞ்சின் எரிபொருளை மட்டும் உண்பதன்று; காற்றையும் உண்பது. காற்றுக் குறையின் அதன் வலிமையும் குறையும். இதற்கென்றே சூப்பர்சார்ஜர் என்னும் காற்றமுக்கும் பொறி ஏற்பட்டது. இறக்கையின் நிலையோ வேறு. விமானம் ஒரு குறித்த வேகத்திற்குக் கீழே சென்றால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்து விமானம் விழத் தொடங்கும். காற்று நாலில் ஒரு பங்காகக் குறைந்த இடத்தில் அவ்வேகம் இரு மடங்காகிவிடுகிறது. எனவே உயர உயர, விமானம் விழாதிருக்க வேண்டிய வேகமோ ஏறிக்கொண்டே செல்லும். அவ்வேகத்தைத் தரவேண்டிய எஞ்சினோ சோர்ந்துகொண்டே வரும். இவ்விரண்டும் சந்திக்கும் உயரமே அவ்விமானத்தின் எல்லை. அங்கே அதற்கு வாய்த்த வேகம் ஒன்றே. சிறிது குறைப்பின் விழும், கூட்டுதற்கு வலிமையில்லை, பக்கஞ் சாய்ந்து திரும்பினாலோ இறக்கை மேலும் சுமக்க வேண்டியிருத்தலின் அப்போதும் விழும். பிற்காலத்து ஜெட் விமானங்களுக்கு மேற்புறத்தும் ஒரு வரம்பு உண்டு. ஒலியின் வேகத்தை நெருங்குந்தோறும் இறக்கைமேல் ஓடும் காற்று குலைந்து விமானம் நடுங்கும். கீழ்வரம்பும் மேல்வரம்பும் ஒன்றையொன்று நெருங்கும் அவ்விடுக்கினை விமானிகள் சவப்பெட்டி மூலை என்றே வழங்குவர்.

எஞ்சினுக்கும் இறக்கைக்கும் கூறியதனினும் கொடிது உடம்பின் நிலை. 40,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்திற் காண்பதன் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆங்கே பிராணவாயு இன்றி நிற்பவன் ஏறத்தாழ இருபது விநாடிக்குள் செயலறிவு இழப்பான். அதற்கு மேலும் ஏறினால், கலப்பற்ற பிராணவாயுவையே மூச்சில் இழுத்தாலும் அழுத்தம் போதாமையால் அது குருதியிற் செவ்வனே கலவாது. இவற்றுள் அஞ்சத்தக்கது யாதெனின், அறிவு மயங்குகின்றது என்பதை மயங்குகின்றவன் அறியான் என்பதே. மனம் களிக்கும், எல்லாம் நன்றாகவே நடைபெறுவதாகத் தோன்றும். கருவிகளைப் படித்து, இனிச் செல்லலாமா திரும்பலாமா என்று முடிவு செய்ய வேண்டிய அறிவே முதலில் கெடுகின்றது.

விமானத்தின் உட்புறத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து அழுத்தம் ஏற்றலாம் எனின், வின்னி மேயின் பலகை உடல் அதனைத் தாங்காது. விமானத்தை அடைக்க முடியாவிடின் விமானியை அடைப்போம் என்று போஸ்ட் எண்ணினார்! ரப்பர்ப் பொருள் செய்யும் குட்ரிச் கம்பெனியாரை அணுகி, காற்றழுத்தம் தாங்கும் உடையொன்று செய்து தரக் கேட்டார். முதல் உடை சோதனையிற் கிழிந்தது. இரண்டாம் உடைக்குள் அவர் புகுந்துவிட்டார், வெளிவர இயலவில்லை, வெட்டியே எடுக்க வேண்டியதாயிற்று. ரஸ்ஸல் காலி என்னும் பொறியாளர் அமைத்த மூன்றாம் உடையே பயன்பட்டது. உள்ளே நீண்ட உள்ளாடை, அதன் மேல் காற்றை அடக்கும் ரப்பர்ப் பை, அதன் மேல் ரப்பர் தோய்த்த பாரசூட்டுத் துணி. தலைக்கு வட்டக் கண்ணாடிச் சாளரம் பொருத்திய அலுமினியக் கவசம். ஊதிய உடை விறைத்துப் போமாதலின், அமர்ந்திருப்பவனது வடிவாகவே அதனைச் செய்தனர். 1934 செப்டம்பரில் சிக்காகோ நகரின் மேல் அதனை அணிந்து 40,000 அடி உயர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஒக்லஹோமாவில் 50,000 அடியை எட்டினார். உயரம் பதியும் கருவி பழுதுற்றமையால் அஃது அதிகாரபூர்வமாக ஏற்கப்படவில்லை.

அவ்வுயரத்திற் பெருங்காற்று ஆறு போல ஓடுவதை இவர் தம் விமானத்தாற் கண்டார். ஜப்பானில் ஓயிஷி என்னும் வானிலை அறிஞர் பலூன்களை விட்டு முன்னரே அதனை அளந்திருந்தார். எஸ்பெராண்டோ மொழியில் அவர் வெளியிட்டமையாற் போலும், உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கலிபோர்னியாவின் பர்பாங்கிலிருந்து நியூயார்க் வரை மேல்வானிலேயே செல்வதென்பது போஸ்டின் அடுத்த நோக்கம். தடையைக் குறைக்கும் பொருட்டு, எழுந்தவுடன் சக்கரங்களைக் கழற்றி வீழ்த்திவிட்டு, முடிவில் வயிற்றடியிற் பொருத்திய மரச் சறுக்குக்கட்டை மேல் இறங்குவது அவர் திட்டம். 1935 பிப்ரவரி 22ல் புறப்பட்டபோது எஞ்சின் கெட்டது. எவரோ அதனுள் உராய்வுப் பொடி இட்டிருந்தமை பின்னர் வெளியாயிற்று. எஞ்சின் உயிரற்ற விமானத்தை மியூரக் என்னும் வறண்ட ஏரியில் நலமே இறக்கினார். அவ்விந்தை உடையோடு உதவி நாடி நடந்துவந்த உருவத்தைக் கண்ட ஒருவர் வெருண்டாராம்.

மார்ச் 15ல் மீண்டும் எழுந்தார். சாதாரணமாக மணிக்கு 180 மைலளவே செல்லும் அப்பழைய விமானம், மேல்காற்றின் துணையால் சிற்சில வேளை 340 மைலுக்கு மேல் தரையைக் கடந்தது. 2,035 மைல் தொலைவை 7 மணி 19 நிமிடத்தில், சராசரி ஏறத்தாழ 278 மைல் வேகத்திற் கடந்து கிளீவ்லாண்டை அடைந்தார். அங்கே பிராணவாயு தீர்ந்தது. நியூயார்க்கிற்கு நானூறு மைலே இருந்தது. பின்னிருந்து தள்ளும் காற்றும் இருந்தது. எனினும் இறங்கினார். ஐம்பதினாயிரம் அடி ஏறியதைக் காட்டிலும் இவ்விறக்கத்தையே யாம் பெரிதாக மதிக்கின்றோம். இன்னும் சிறிது நேரந்தானே என்ற நினைவு அவ்வுயரத்தில் எவர்க்கும் எளிதில் எழும். அவர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. மேலும் இருமுறை முயன்றார். இரண்டிலும் பொறிகள் பழுதுற்றன.

அவ்வாண்டுக் கோடையில் நடந்ததை எழுதுதல் துன்பந் தருவது. லாக்ஹீட் ஓரியன் விமானத்தின் உடலையும், எக்ஸ்ப்ளோரர் என்னும் பிறிதொரு விமானத்தின் இறக்கையையும் இணைத்துப் போஸ்ட் புதியதொரு விமானம் அமைத்தார். இவை தம்முள் இயையா என்று லாக்ஹீட் கம்பெனியார் அவ்வேலையை மறுத்தனர். நீரில் இறங்குதற்கு வேண்டிய மிதவைகள் உரிய காலத்தில் வந்து சேராமையால், வேறு விமானத்திற்குரிய பெரிய மிதவைகளைப் பூட்டினர். விமானம் முன்புறம் கனத்தது; எஞ்சின் வலிமை குறைந்தால் மூக்கு தாழும். இதனை அறியாதவர் அல்லர் அவர். மரத்தின் தொலைவைக் காலால் அளந்து பார்த்தவர், பிராணவாயுவின் அளவறிந்து இறங்கியவர், இக்கனத்தை மட்டும் ஏன் பொறுத்துக்கொண்டார் என்பது விளங்கவில்லை. கைத்திறத்தாற் சமாளிக்கலாம் என்று எண்ணினார் போலும்.

நகைச்சுவையாளரும் திரைப்பட நடிகருமான வில் ராஜர்ஸ் உடன் வர, இருவரும் அலாஸ்காவிற்குச் சென்றனர். 1935 ஆகஸ்டு 15ஆம் நாள், பாயிண்ட் பாரோ நோக்கிச் செல்கையில் மூடுபனியில் வழி தெரியாமல், கரையோரத்துக் காயலொன்றில் இறங்கி அங்கிருந்தோரிடம் வழி கேட்டறிந்தனர். மறுபடியும் எழுந்த சிறிது நேரத்தில், அதிக உயரம் ஏறுமுன்பே எஞ்சின் நின்றது. மூக்கு தாழ்ந்தது. காயலின் ஆழமில்லா நீரில் விமானம் தலைகீழாய் வீழ்ந்து, இருவரும் அக்கணமே உயிர் நீத்தனர். போஸ்டுக்கு அப்போது வயது 36.

வின்னி மே விமானத்தை இவர் மனைவியார் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தாருக்கு விற்றார். மூன்றாம் உடையும் அந்நிறுவனத்தாரிடமே உள்ளது. அதனை அமைத்த ரஸ்ஸல் காலி, ஏறத்தாழ கால் நூற்றாண்டிற்குப் பின்னர், மெர்க்குரித் திட்டத்தில் விண்வெளி சென்ற அமெரிக்கர்க்கு உடை அமைத்தவருள் ஒருவரானார்.