ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ

குழந்தைகளே! தொலைக்காட்சியில் ஜூடோ போட்டி பார்த்திருக்கிறீர்களா? இரண்டு வீரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு நிற்பார்கள். கண் இமைப்பதற்குள் ஒருவர் மற்றவரைத் தூக்கித் தரையில் போட்டுவிடுவார். இந்தக் கலையை உருவாக்கியவர் பெரிய பயில்வான் அல்ல. பள்ளியில் முரட்டு மாணவர்களிடம் அடி வாங்கிய ஒரு நோஞ்சான் பையன்! அவர்தான் ஜப்பானைச் சேர்ந்த ஜிகோரோ கானோ.

1860ம் ஆண்டு, கோபே நகருக்கு அருகில் உள்ள மிகாகே என்ற ஊரில் கானோ பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். தந்தை அவரை டோக்கியோவுக்கு அழைத்து வந்து நல்ல பள்ளியில் சேர்த்தார். படிப்பில் கானோ கெட்டிக்காரர். ஆனால் உடம்போ ஒல்லி. வளர்ந்த பிறகும் அவரது உயரம் ஏறக்குறைய 5 அடி 2 அங்குலம்தான். விடுதியில் தங்கிப் படித்தபோது, பெரிய பையன்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினர்.

அந்நாளில் ஜப்பானில் ஜுஜுட்சு என்ற பழைய தற்காப்புக் கலை இருந்தது. எதிரியைப் பிடித்து, மடக்கி, வீழ்த்தும் கலை அது. அதைக் கற்றால் சின்ன உடம்புக்காரரும் பெரிய ஆளை வெல்லலாம் என்று கானோ கேள்விப்பட்டார். ஆனால், சாமுராய் வீரர்களின் காலம் முடிந்துவிட்டதால் அந்தக் கலைக்கு மதிப்பு போய்விட்டது. தந்தையும் சம்மதிக்கவில்லை. ஆசான்கள் பலர் பிழைப்புக்காக, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களாக மாறியிருந்தனர்.

கானோ என்ன செய்தார் தெரியுமா? அப்படிப்பட்ட வைத்தியர்களைத் தேடித் தேடி அலைந்தார்! 1877ல், பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, ஹச்சினோசுகே ஃபுகுடா என்ற ஆசான் கிடைத்தார்.

அங்கே ஃபுகுஷிமா என்ற பருமனான மாணவர் இருந்தார். கானோவால் அவரை அசைக்கக்கூட முடியவில்லை. சுமோ மல்யுத்தத்தின் பிடிகளை முயன்றார்; பலிக்கவில்லை. பிறகு நூலகத்துக்குப் போய், மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய புத்தகத்தைப் படித்தார். எதிரியைத் தோளில் சுமந்து புரட்டிப் போடும் ஒரு பிடி அதில் இருந்தது. அதைப் பழகி, ஒருநாள் ஃபுகுஷிமாவைத் தூக்கிப் போட்டார். நல்ல பாடம் எங்கிருந்து கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை கானோ அன்று உணர்ந்தார்.

பின்னர் இகுபோ என்ற ஆசானிடம் பயின்றார். பலமுறை அவரால் வீழ்த்தப்பட்ட கானோ, ஏன் விழுகிறோம் என்று யோசித்தார். மூடிய கதவை ஒருவர் பலமாகத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் சட்டென்று கதவைத் திறந்தால் என்ன ஆகும்? தள்ளியவர் தன் பலத்தாலேயே தடுமாறி விழுவார் அல்லவா? அதுபோல, முதலில் எதிரியின் நிலையைக் குலைக்க வேண்டும்; அதன் பிறகு வீழ்த்துவது எளிது. இந்த உண்மையைக் கண்டுபிடித்த கானோ, ஒருநாள் பயிற்சியில் தன் ஆசானையே மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். ஆசான் கோபப்படவில்லை. சீடன் தன்னைத் தாண்டிவிட்டான் என்று மகிழ்ந்தார்.

1882ல், டோக்கியோவில் உள்ள எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில், 12 பாய்கள் விரித்த சிறிய அறையில், 9 மாணவர்களுடன் கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர் கோடோகான். அங்கே கற்பித்த புதிய கலைக்கு ஜூடோ என்று பெயரிட்டார்.

பழைய கலைக்கும் புதிய கலைக்கும் என்ன வேறுபாடு? ஜுஜுட்சுவில் ஆளைக் கொல்லக்கூடிய அடிகளும் இருந்தன. அவற்றை நண்பர் மீது முழுப் பலத்தோடு பழக முடியுமா? முடியாது. அதனால் பல பள்ளிகளில், முன்கூட்டியே பேசிவைத்த அசைவுகளைத்தான் அதிகம் பழகினர். கானோ ஆபத்தான அடிகளைத் தனியே ஒதுக்கினார். மீதி இருந்த பிடிகளைக் கொண்டு, இருவரும் முழு முயற்சியோடு மோதிப் பழகும் பயிற்சிக்கு முக்கிய இடம் கொடுத்தார். விழும்போது அடிபடாமல் விழக் கற்றுக் கொடுத்தார். பிடி இறுகினால் கையால் தட்டினால் போதும். உடனே விட்டுவிட வேண்டும். அதனால் இன்று தோற்றவர் நாளையும் பயிற்சிக்கு வரலாம்!

இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று சிலர் கேலி செய்தனர். ஆனால் 1880களில், டோக்கியோ காவல்துறை நடத்திய போட்டியில், புகழ்பெற்ற தோட்சுகா பள்ளி வீரர்களோடு கோடோகான் மாணவர்கள் மோதினர். பெரும்பாலான ஆட்டங்களில் கானோவின் மாணவர்களே வென்றனர்.

அத்துடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. பின்னர், மதாயெமோன் தனாபே என்ற ஜுஜுட்சு வீரர் வந்தார். நின்று வீழ்த்துவதில் கோடோகான் வீரர்கள் சிறந்தவர்கள். தனாபேயோ, தரையில் புரண்டு பிடி போடுவதில் மன்னர்! அவரிடம் கோடோகான் வீரர்கள் திணறினர். அந்தத் தோல்விகள் வீண் போகவில்லை. தரைப்பிடிகளையும் அவர்கள் கவனமாகப் பழகத் தொடங்கினர்.

கானோவின் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா என்பவர், 1914ல் பிரேசில் நாட்டுக்குப் போனார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவரது தம்பிகளும் தரைப்பிடிகளை மேலும் வளர்த்தனர். அதுவே இன்று உலகெங்கும் பரவியுள்ள பிரேசில் ஜியு-ஜிட்சு. 1951ல், ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, கார்லோஸின் தம்பி ஹீலியோவைக் கைப்பூட்டு போட்டு வென்றார். கிரேசி குடும்பத்தார் அந்தப் பிடியை வெறுக்கவில்லை, தாங்களும் கற்றுக்கொண்டனர். வென்றவர் பெயரால் அந்தப் பிடி கிமுரா என்றே அழைக்கப்படுகிறது!

இன்றைய கலப்புச் சண்டை வீரர்கள் ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு, குத்துச்சண்டை எல்லாவற்றையும் கற்கின்றனர். அவர்கள் தடித்த சட்டை அணிவதில்லை. அதனால் சட்டையைப் பற்றும் பழைய பிடிகள் உதவாது. தரையில் விழுந்தாலும் எதிரி குத்துவார். அதனால் கீழே படுத்துக் காத்திருக்கவும் முடியாது. எதிரியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் பார்த்து, அவர் பலவீனத்தையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அக்கால ஆசான்களைவிட இவர்களுக்குப் பலவகைப் பிடிகள் தெரியும். ஆனால், முழு முயற்சியோடு மோதுவது, தட்டினால் விடுவது, தோற்ற இடத்தில் கற்பது என்ற அடிப்படை, கானோ வற்புறுத்திய அதே வழிதான்.

கானோ பள்ளி ஆசிரியர், கல்லூரி முதல்வர். 1893லேயே பெண்களுக்கும் ஜூடோ கற்பிக்கத் தொடங்கினார். 1909ல், சர்வதேச ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினரானார். 1938ல், கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் கலந்துகொண்டு கப்பலில் நாடு திரும்பும் வழியில், மே 4ம் தேதி, 77ம் வயதில் காலமானார்.

1964ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பு இல்லாத பிரிவில், ஜப்பான் வீரர் கமினாகாவை வென்று தங்கம் பெற்றவர் யார் தெரியுமா? நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆன்டன் கீசிங்க்! ஜப்பானியர் பலர் கண்ணீர் விட்டனர். ஆனால், ஆசானையே சீடன் வென்ற கதையில் பிறந்த கலை அல்லவா ஜூடோ? உலகம் அதை நன்றாகக் கற்றுக்கொண்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சுட்டிகளே! ஜூடோ பழக ஆசையா? வீட்டில் தம்பி, தங்கையைத் தூக்கிப் போட்டு முயற்சி செய்யாதீர்கள். நல்ல பயிற்சியாளரிடம் சேருங்கள். அங்கே முதலில் கற்றுத் தருவது, எப்படி வெல்வது என்பதை அல்ல. எப்படி அடிபடாமல் விழுவது என்பதைத்தான்!