மண்ணுக்குள் இருப்பது எவருடைய வரலாறு? கோர்டன் சைல்டின் வாழ்வு தரும் பாடம்

நமது பாடசாலைகளில் வரலாற்றை எவ்வாறு கற்பிப்பது என்ற வினா அவ்வப்போது எழுவதும் அடங்குவதும் வழக்கமாகிவிட்டது. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றை ஒன்றிணைத்துச் சமூகக்கல்வி என்ற பாடத்தை அறிமுகஞ் செய்தது. பின்னர் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. 2025 இல் புதிய கல்விச் சீர்திருத்த யோசனைகள் வெளிவந்தபோது, அது கட்டாயப் பாடமாக நீடிக்குமா என்பது மறுபடியும் விவாதப் பொருளானது. பாடம் இருக்க வேண்டுமா, இல்லையா என்பது பற்றி நிறையப் பேசினோம். வகுப்பறையில் எந்தச் சான்றைக் கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பது பற்றிப் பேசியது மிகக் குறைவு.

இந்த இரண்டாவது வினாவுக்கே தமது வாழ்நாளைச் செலவிட்டவர் வீர் கோர்டன் சைல்ட். கடந்த நூற்றாண்டின் தலைசிறந்த தொல்லியல் அறிஞர்களுள் ஒருவரான அவரது பெயரை நமது மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஆதிமனிதன் வேட்டையாடி உணவு சேகரித்தான், பின்னர் பயிரிட்டான், அதன்பின் நகரம் அமைத்தான் என்று அவர்கள் படிக்கும் வரிசை பெருமளவுக்கு அவர் வகுத்துத் தந்ததாகும்.

சைல்ட் 1892 ஏப்ரல் 14 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஓர் அங்கிலிக்கன் மதகுருவின் மகனாகப் பிறந்தார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, இலத்தீன் மொழிகளைக் கற்றுத் தேறியபின் 1914 இல் ஒக்ஸ்போர்ட் சென்றார். கிரீற் தீவின் பண்டைய நாகரிகத்தை வெளிக்கொணர்ந்த ஆர்தர் எவன்ஸ் போன்றோரின் வழிகாட்டலில் அங்கு தொல்லியல் பயின்றார். அக்காலமோ முதலாம் உலகப் போரின் காலம். போரை வெறுத்த அந்த இளைஞர் சோசலிசக் கருத்துகளின்பால் ஈர்க்கப்பட்டார். 1917 இல் தாய்நாடு திரும்பிய பின்னர் கட்டாய இராணுவ சேவைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்.

அதற்கான விலையை அவர் உடனடியாகவே செலுத்த நேர்ந்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்றில் அவர் வகித்த பதவி 1918 இல் பறிபோயிற்று. முதியோர் கல்வி வகுப்புகளில் பண்டைய வரலாறு கற்பிக்கக் கிடைத்த வாய்ப்பையும் பல்கலைக்கழக வேந்தர் தடுத்தார். குயின்ஸ்லாந்தின் மேரிபரோ நகரப் பாடசாலையில் இலத்தீன் ஆசிரியராகச் சேர்ந்தார். அரசியல் கருத்துகள் அங்கும் அவரைப் பின்தொடர்ந்தன. ஊரிலே எதிர்ப்புக் கிளம்பியது. மாணவர்களே ஏளனம் செய்யும் நிலை உருவாகவே, சில காலத்துக்குள் விலகினார். கற்பிக்க விரும்பிய ஒருவருக்குக் கற்பிக்கும் இடமெல்லாம் அடைபட்டது.

வேறு வழியின்றி அரசியலுக்குள் நுழைந்தார். நியூ சவுத் வேல்ஸ் தொழிற்கட்சித் தலைவர் ஜோன் ஸ்டோரியின் செயலாளரானார். ஸ்டோரி 1920 இல் மாநிலத்தின் ஆட்சித் தலைவரானதைத் தொடர்ந்து, அரசாங்கப் பணியின் நிமித்தம் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். ஸ்டோரி 1921 இல் காலமானார். அடுத்த ஆண்டே அந்தப் பதவியும் போயிற்று. தொழிலாளரின் வாக்குகளால் ஆட்சிக்கு வந்தோர் அத்தொழிலாளரை எவ்வாறு மறந்துவிடுகின்றனர் என்பதை ஆராய்ந்து 1923 இல் அவர் வெளியிட்ட நூலே அவரது அரசியல் வாழ்வுக்கு முற்றுப்புள்ளியாயிற்று. முப்பது வயதைத் தாண்டிய நிலையில், லண்டனில் கையிற் பணமின்றி, மீண்டும் தொல்லியலை நாடினார்.

1925 இல் வெளிவந்த அவரது நூல் ஐரோப்பிய நாகரிகத்தின் தோற்றம் பற்றியது. பல மொழிகளில் சிதறிக் கிடந்த அகழ்வாய்வு அறிக்கைகளைத் தாமே வாசித்து, ஐரோப்பா முழுவதற்குமான ஒரு சித்திரத்தை முதன்முறையாக அதில் தீட்டினார். ஒரே வகையான மட்பாண்டம், கருவி, வீடு, அடக்கமுறை ஆகியன ஓரிடத்தில் சேர்ந்து காணப்படுமாயின் அதனை ஒரு பண்பாடு எனக் கொள்ளும் முறையை அவர் சீராகக் கையாண்டார். பயிர்ச்செய்கையும் உலோகத் தொழிலும் எகிப்து, மெசப்பொத்தேமியா முதலான கிழக்கு நாடுகளிலிருந்தே ஐரோப்பாவுக்குச் சென்றன என்பது அவரது முடிவு. ஐரோப்பியர் தம்மையே நாகரிகத்தின் ஊற்றாக எண்ணிப் பெருமைப்பட்ட காலத்தில், இன்றைய அரபு மக்கள் வாழும் நிலங்களுக்கு ஐரோப்பா கடமைப்பட்டுள்ளது என்று ஓர் அறிஞர் எழுதுவது சிறிய விடயமன்று.

1927 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தொல்லியற் பேராசிரியரானார். 1928 முதல் 1930 வரை ஸ்கொட்லாந்தின் வடக்கேயுள்ள ஓர்க்னித் தீவுகளில், மணலால் மூடுண்டு கிடந்த ஸ்காரா பிரே என்ற பழங்குடியிருப்பை அகழ்ந்தார். கல்லாலான கட்டில்கள், அலுமாரிகள், நடுவே அடுப்பு என்பவற்றோடு அவ்வீடுகள் அப்படியே இருந்தன. அவற்றின் காலத்தை அவர் மிகவும் பிந்தியதாகத் தவறாகக் கணித்தார். அவை சுமார் ஐயாயிரம் ஆண்டு பழைமையானவை என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் அரசர்களின் கல்லறைகளைத் தேடிய ஒரு துறையைச் சாதாரண குடும்பங்களின் அடுப்பங்கரைக்கு அழைத்து வந்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

சைல்டின் வாழ்வில் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய பகுதி இதன் பின்னரே வருகின்றது. ஜேர்மனியில் குஸ்தாவ் கொசின்னா என்ற அறிஞர், மட்பாண்டங்களின் பரம்பலைக் கொண்டு பண்டைய இனங்களின் எல்லைகளை வரையலாம் எனக் கூறிவந்தார். முதலாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றபின் போலந்துடனான எல்லை பற்றிய பிணக்கு எழுந்தது. விஸ்துலா ஆற்று நிலம் தொன்றுதொட்டு ஜேர்மானியரின் தாயகம் என வாதிட்டு 1919 இல் கொசின்னா ஒரு பிரசுரம் வெளியிட்டார். மண்ணுக்கடியிற் கிடைத்த பானை ஓடு, மண்ணுக்கு மேலே வாழும் மக்களின் காணி உறுதியாக மாற்றப்பட்டது. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இக்கருத்து பாடசாலைப் புத்தகங்களில் ஏறியது. ஹிம்லர் 1935 இல் ஆரியப் பெருமையை நிறுவுவதற்கென்றே ஓர் ஆய்வு அமைப்பை உருவாக்கினார்.

சைல்ட் இதில் முற்றிலும் கறைபடாதவர் அல்லர். பண்பாடு என்ற கருவியைக் கொசின்னாவிடமிருந்து பெற்றவர் அவர். 1926 இல் ஆரியர் பற்றி ஒரு நூலும் எழுதியிருந்தார். தாம் கையாண்ட முறையே இனவெறியின் ஆயுதமாவதைக் கண்டபோது அவர் மௌனம் காக்கவில்லை. தமது பழைய நூலுக்கு வக்காலத்து வாங்கவுமில்லை. இனம் வேறு, மொழி வேறு, பண்பாடு வேறு என்பதை 1933 இலேயே விரிவுரைகளிலும் கட்டுரைகளிலும் வற்புறுத்தத் தொடங்கினார். ஒரு பானையை வனைந்தவர் எந்த மொழியைப் பேசினார் என்று பானை சொல்லாது. மண்டையோட்டின் அளவும் அதைச் சொல்லாது. ஒரே பானையைப் பல மொழியினர் பயன்படுத்தலாம். ஒரே மொழியினர் பல வகைப் பானைகளைப் பயன்படுத்தலாம். இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மைகளை அன்று உரத்துக் கூறுவதற்குத் துணிவு வேண்டியிருந்தது.

அறிஞர்களுக்கு மட்டும் கூறினாற் போதாது என்பதையும் அவர் உணர்ந்தார். மனிதன் தன்னைத்தானே உருவாக்கிக் கொள்கின்றான் என்ற பொருள்படும் தலைப்பில் 1936 இல் ஒரு நூலையும், வரலாற்றில் நடந்தது என்ன என்ற நூலை 1942 இலும் எளிய நடையில் எழுதினார். இரண்டாவது நூல் போர்க்காலத்தில் மலிவு விலையில் வெளிவந்து இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. உணவு உற்பத்தியின் தொடக்கத்தைப் புதிய கற்காலப் புரட்சி என்றும், மேலதிக விளைச்சல், எழுத்து, வரி, கைவினைஞர் வகுப்பு ஆகியவற்றோடு நகரங்கள் எழுந்ததை நகரப் புரட்சி என்றும் அவர் விளக்கினார். மன்னர் பட்டியலாக இருந்த வரலாறு, உழைப்பின் கதையாக மாறியது. நம்மவர்களுக்கும் இச்சிந்தனை மரபு அந்நியமானதன்று. பிரித்தானிய மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் பேர்மிங்ஹாமில் ஆராய்ச்சி செய்த கைலாசபதியும் சிவத்தம்பியும் பண்டைத் தமிழ்ச் சமூகத்தை நோக்கிய முறையில் அதன் சாயலைக் காணலாம்.

மார்க்சியராக இருந்தபோதிலும் சைல்ட் எந்தக் கட்சிக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். பிரித்தானிய உளவுத்துறை அவரது கடிதங்களைப் பிரித்துப் பார்த்தது. சோவியத் ஒன்றியத்துக்குப் பலமுறை சென்று அதனைப் பாராட்டிய அவரே, அங்குள்ள அகழ்வாய்வு முறைகளின் குறைகளை 1956 இல் அந்நாட்டு அறிஞர்களுக்கு நேரடியாகவே எழுதினார். நண்பர் என்பதற்காகச் சான்றில் சலுகை காட்டவில்லை.

1946 முதல் லண்டன் தொல்லியல் நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்து 1956 இல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்யாத அவர் தமது நூல்களையும் உடைமைகளையும் அந்நிறுவகத்துக்கே உரித்தாக்கினார். 1957 இல் தாய்நாடு திரும்பியபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமக்குக் கதவடைத்த சிட்னிப் பல்கலைக்கழகமே கௌரவப் பட்டம் வழங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 19 இல் நீல மலைப் பகுதியில் அவர் உயிர் நீத்தார். விபத்தென்றே அது கருதப்பட்டது. தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொள்ளத் தீர்மானித்திருந்தார் என்பதை, நண்பர் ஒருவருக்கு அவர் எழுதி வைத்து 1980 இல் வெளியான கடிதம் உணர்த்திற்று. முதுமையில் அறிவு மங்கித் தாம் பிறருக்குச் சுமையாகிவிடுவோம் என்ற அச்சமும் தனிமையும் அம்முடிவின் பின்னால் இருந்தன. பெரும் அறிவும் மனச்சோர்வுக்கு மருந்தாவதில்லை என்பது துயரமான உண்மை.

அவரது முடிவுகள் பல இன்று நிலைக்கவில்லை. காபன் காலக்கணிப்பு அவரது ஐரோப்பியக் காலவரிசையைக் குலைத்துவிட்டது. துருக்கியில் 1995 முதல் அகழப்பட்ட கோபெக்லி தெப்பே, பயிர்ச்செய்கை வேரூன்றுமுன்னரே மனிதர் பெருங்கற்கட்டடங்களை எழுப்பினர் எனக் காட்டியுள்ளது. அதேவேளை, தென் ருஷ்யப் புல்வெளியே ஆரிய மொழிகளின் தொட்டிலாகலாம் என்று 1926 இல் அவர் கருதியதற்கு நெருக்கமான முடிவை 2015 முதல் மரபணு ஆய்வுகள் தந்துள்ளன. முடிவுகள் மாறும். சான்று எந்த அளவுக்குப் பேசுகிறதோ அந்த அளவுக்கு மட்டுமே பேசுவது என்ற ஒழுக்கம் மாறுவதில்லை.

இந்த ஒழுக்கம் நமக்கு மிகவும் தேவைப்படுகின்றது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. புதைபொருளைக் காணி உறுதியாக்கும் பழைய ஆபத்தை நமது மக்கள் அதிற் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் அதே தவறை நாமும் செய்யலாகாது. பொம்பரிப்பிலும் ஆனைக்கோட்டையிலும் கந்தரோடையிலும் கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் அனுராதபுரத்திலும் கிடைத்துள்ளது, தென்னிந்தியாவிலும் கிடைத்துள்ளது. அதன்மேல் ஒரே இனத்தின் பெயரை எழுதிவிட எவராலும் இயலாது. அது இத்தீவில் வாழும் பலரின் பொது முன்னோர் விட்டுச் சென்ற தடயமாகவே இருக்கக்கூடும்.

வரலாற்றுப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை என்பதைக் கல்வி அமைச்சு தீர்மானிக்கலாம். அந்த நேரத்தில் ஒரு பானை ஓட்டை மாணவரின் கையில் கொடுத்து, இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்கக்கூடிய ஆசிரியரை உருவாக்குவதே பெரிய பணி. அத்தகைய ஆசிரியராக இருக்க விரும்பிய ஒருவரை மேரிபரோ விரட்டியடித்தது. நமது பாடசாலைகள் அவ்வாறான ஆசிரியரை வரவேற்குமாயின், நாளைய தலைமுறை மண்ணைத் தோண்டும்போது பகைமையைத் தேட மாட்டாது.