உங்க வாட்ச் காட்டும் ‘விஓ2 மேக்ஸ்’ யாருடைய மூச்சில் பிறந்தது? ஏ.வி.ஹில் கதை

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறீர்களா? அதன் ஃபிட்னஸ் ஆப்பில் கொஞ்சம் கீழே போனால் ‘விஓ2 மேக்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். 32, 38, 45 என ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ‘சராசரிக்கும் கீழே’ என்று சொல்லி பயமுறுத்தவும் செய்யும்.

நாம் முழு மூச்சாக உழைக்கும்போது, உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் அந்த எண். ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கு. நுரையீரல், இதயம், ரத்தம், தசை நான்கும் சேர்ந்து வாங்கும் மார்க் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணுக்கு வயது நூறு. அதைத் தேடி முதலில் ஓடியவர், நோபல் பரிசு பெற்ற ஒரு பேராசிரியர்.

யார் இந்த ஹில்?

ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில். 1886 செப்டம்பர் 26-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா குடும்பத்தைவிட்டுப் போய்விட, ஹில்லையும் அவர் தங்கையையும் அம்மாதான் வளர்த்தார். ஸ்காலர்ஷிப்பில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். படித்தது கணிதம். 1907-ல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே மூன்றாவது இடம்.

அப்படியே கணிதத்தில் இருந்திருக்கலாம். ஆனால், ஆசிரியர் வால்டர் ஃபிளெட்சரின் தூண்டுதலால் உடலியங்கியல் பக்கம் வந்தார். தசை சுருங்கும்போது எவ்வளவு வெப்பம் வெளியாகிறது? இதுதான் அவர் கையில் எடுத்த கேள்வி. தவளையின் தசையை வைத்து, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு வெப்ப மாற்றத்தைக்கூட அளந்தார். 1913-ல் மார்கரெட் கெய்ன்ஸைத் திருமணம் செய்தார். பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தங்கை அவர்.

முதுகில் பை, புல்தரையில் ஓட்டம்

1920-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஹில் நல்ல ஓட்டக்காரர். தவளைத் தசையில் பார்த்தது மனிதனுக்கும் பொருந்துமா என்று தெரிய வேண்டும். அதற்கு ஆள் தேடி அலையவில்லை, தானே ஓடினார்.

சுமார் 85 மீட்டர் சுற்றளவுள்ள புல்தரை வட்டம். வாயில் ஒரு குழாய், முதுகில் ‘டக்ளஸ் பை’ எனப்படும் காற்றுப் புகாத பெரிய பை. ஓடும்போது வெளிவிடும் மூச்சு அதில் சேரும். பிறகு, அந்தக் காற்றில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால், உடம்பு எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

வேகம் கூடக்கூட ஆக்ஸிஜன் செலவும் கூடியது. ஆனால், நிமிடத்துக்கு சுமார் 4 லிட்டரைத் தொட்டதும் அது நின்றுவிட்டது. அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினாலும் ஆக்ஸிஜன் கூடவில்லை. உடம்புக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்று 1923-ல் ஹார்ட்லி லப்டனோடு சேர்ந்து ஹில் எழுதினார். நம் வாட்ச்சில் இருக்கும் ‘மேக்ஸ்’ இதுதான். அந்த ஆக்ஸிஜன் கோடு எல்லோருக்கும் தட்டையாகத்தான் முடியுமா என்று பின்னாளில் பெரிய விவாதமே நடந்தது. ஆனாலும் அளவுகோல் நிலைத்துவிட்டது.

தவறை ஒப்புக்கொண்ட நோபல் விஞ்ஞானி

1922-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை, ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹோஃபுடன் ஹில் பகிர்ந்துகொண்டார். தசை இயங்க லாக்டிக் அமிலம்தான் காரணம் என்பது அவர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்துக் கருத்து. 1930-ல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உருவாகாவிட்டாலும் தசை சுருங்கும் என்று காட்டினார். ஹில் மல்லுக்கு நிற்கவில்லை. தசை பற்றிய அறிவியலில் புரட்சி நடந்துவிட்டதென்று அவரே கட்டுரை எழுதினார்.

ஆய்வகத்துக்கு வெளியேயும் அவருக்குப் பெரிய வாழ்க்கை இருந்தது. 1933-ல் ஹிட்லர் ஆட்சி யூத விஞ்ஞானிகளைத் துரத்தியபோது, அவர்களுக்கு வேலையும் அடைக்கலமும் தேடித்தந்த அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் ஹில். அப்படி அவரிடம் வந்து சேர்ந்த பெர்னார்ட் காட்ஸ், 1970-ல் நோபல் பரிசு பெற்றார். 1940 முதல் 1945 வரை ஹில் பிரிட்டிஷ் எம்.பி.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1943 கடைசியில் இந்தியா வந்து, சில மாதங்கள் சுற்றிப்பார்த்து, இங்கே அறிவியல் ஆராய்ச்சி எப்படி வளர வேண்டும் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தேசிய அளவில் ஒரு மருத்துவ மையம் வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. 1956-ல் டெல்லியில் எய்ம்ஸ் உருவானதன் பின்னால் அந்த யோசனையும் இருக்கிறது. 1977 ஜூன் 3-ல், 90 வயதில் ஹில் காலமானார்.

ஓட்டக்காரரின் எண் நமக்குப் பொருந்துமா?

இங்கேதான் சிக்கல். ஹில் அளந்தது ஓடிப் பழகிய உடம்பை. ஆனால், இன்று மருத்துவமனையில் முகமூடி மாட்டி, சைக்கிளிலோ டிரெட்மில்லிலோ இந்தச் சோதனை செய்துகொள்பவர்களில் பெரும்பாலானோர் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு எது நார்மல்?

அதனால்தான் உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களுக்கென்று தனி ஒப்பீட்டு அளவுகள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் ஹேன்சன், சூ, வாசர்மேன் மூவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அவர்கள் சோதித்தது கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்த 77 ஆண்களை. ஒரு பெண்கூட இல்லை.

வாசர்மேன் குழுவின் பெயரில் இன்றும் புழங்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம். உடற்பயிற்சி செய்யாத, சரியான எடையுள்ள ஆணுக்கு, சைக்கிள் சோதனையில்: வயதை 0.372-ஆல் பெருக்கி, 50.72-லிருந்து கழிக்க வேண்டும். 35 வயதுக்கு 37.7 வரும். எடை 70 கிலோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 2.6 லிட்டர். டிரெட்மில்லில் பத்து சதவிகிதம்போலக் கூடும். அப்போதும் 3 லிட்டரைத் தொடாது. கிட்டத்தட்ட அதே வயதில் ஹில் தொட்டது 4 லிட்டர்!

இப்போது ஹில்லை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும்? 2.6 லிட்டர் எடுக்கும் ஐடி ஊழியருக்கு 65 சதவிகிதம்தான் கிடைக்கும். பொதுவாக 80, 85 சதவிகிதத்துக்குக் கீழே போனாலே சந்தேகம் வரும். நோயே இல்லாதவர் நோயாளி ஆகிவிடுவார்.

தலைகீழாகவும் நடக்கும். முன்பு 60 எடுத்துக்கொண்டிருந்த 35 வயது மாரத்தான் வீரர், இதயக் கோளாறால் 40-க்கு இறங்கியிருக்கலாம். உட்கார்ந்தே இருப்பவர்களின் அட்டவணையில் அவருக்கு 106 சதவிகிதம். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே வரும், கோளாறு மறைந்துவிடும்.

இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. நுரையீரல் அறுவை சிகிச்சையைத் தாங்குவாரா என்று பார்க்கும்போது 20-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 10-க்குக் கீழே என்றால் ஆபத்து அதிகம். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மாற்று இதயம் தேவையா என்பதில் 14 என்ற எண் நீண்ட காலமாக ஒரு எல்லைக்கோடு. வயது, பாலினம், உடல்வாகு, எந்த மெஷின் என எல்லாம் பார்த்து, தங்களிடம் வருபவர்களுக்குப் பொருந்தும் அட்டவணையைத்தான் ஆய்வகங்கள் எடுக்க வேண்டும் என்பது அதனால்தான்.

‘நார்மல்’ என்றால் நல்லதா?

100 சதவிகிதம் வந்துவிட்டது என்று குஷியாகிவிட வேண்டாம். உங்களைப்போலவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சமமாக இருக்கிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். நோய் இருக்கிறதா என்று தேட அந்த அளவு உதவும். ஆரோக்கியத்துக்கு அது இலக்கு இல்லை. இதய, நுரையீரல் திறனை ரத்த அழுத்தம்போல வழக்கமாகக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-ல் சொன்னது.

இன்னொரு விஷயம். உங்கள் வாட்ச் மூச்சை அளப்பதே இல்லை. இதயத் துடிப்பு, நடை வேகம், வயது, எடை ஆகியவற்றை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு அது. ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். மாதக்கணக்கில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கவனித்தால் போதும். மூச்சுவாங்கல், நெஞ்சுவலி என்று ஏதாவது இருந்தால் வாட்ச்சைப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த முறை அந்த எண் ‘சராசரிக்கும் கீழே’ என்று மிரட்டினால், யாரோட சராசரி என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, லிஃப்ட்டை விட்டு மாடிப்படி ஏறுங்கள். நோபல் வாங்கிய பேராசிரியரே முதுகில் பையோடு ஓடியிருக்கிறார். நமக்கு ரெண்டு மாடிதானே!